நீச்சலுக்குத் தரையில என்ன பயிற்சி: தண்டாலா, ரப்பர் ட்யூபா, ஜிம்மா, இல்ல இன்னொரு மணி நேரம் தண்ணியிலயா?

மதுரை ரேஸ்கோர்ஸ் பூல்ல சம்மர் பேட்ச் முடியுற நேரத்துல வருசா வருசம் இந்தக் கேள்வி வந்துரும். பையன் நீந்தக் கத்துக்கிட்டான், 25 மீட்டர் நிக்காம போறான், ஆனா வேகம் ஏற மாட்டேங்குது, கை தண்ணியில வழுக்குது, "ஜிம்ல சேத்து விடவா, இல்ல வீட்டுலயே தண்டால் எடுக்கச் சொல்லவா"ன்னு அப்பாமாரு கேப்பாங்க. காலேஜ் பசங்க ஜோனல் மீட்டுக்கு (காலேஜுகளுக்கு நடுவுல நடக்குற போட்டிக்கு) முன்னாடி ரப்பர் ட்யூப் வாங்கலாமான்னு கேப்பாங்க. மேலூர், சோழவந்தான் பக்கம் கிணத்துலயும் வாய்க்கால்லயும் குதிச்சுப் பழகுன அண்ணன்மாரு சிலர், எங்களுக்குக் கையில பலம் இருக்கு, இருந்தும் பூல்ல சின்னப் பய கூட எங்களைத் தாண்டிப் போறான், ஏன்னு கேப்பாங்க. மூணு பேருக்கும் ஒரே பதில் கெடையாது. அதனால எதை எதை வச்சுப் பாக்கணும்னு முதல்ல சொல்லிட்டு அப்புறமா ஒவ்வொரு வழியா எடுத்துக்குறேன்.

## எதை வச்சு முடிவு பண்றது

முதல் விசயம், தப்பு எங்க இருக்குன்னு தெரியணும். இதுக்கு ஒரு லேசான வழி இருக்கு. பூல் ஆளுககிட்ட கேட்டுட்டு, கரையில இருந்து ஒருத்தரை செல்போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க, 50 மீட்டர் நல்ல வேகத்துல போங்க, அப்புறம் முதல் 10 மீட்டரையும் கடைசி 10 மீட்டரையும் மட்டும் தனித்தனியா போட்டுப் பாருங்க. முதல் 10 மீட்டர்ல முழங்கை மேல நிக்குது, உடம்பு நேரா இருக்கு, கடைசி 10 மீட்டர்ல முழங்கை விழுந்துருது, இடுப்பு தொங்குதுன்னா அது பலக்குறை, தரைப் பயிற்சி உதவும். முதல் வீச்சுலயே முழங்கை விழுதுன்னா எம்புட்டு தண்டால் எடுத்தாலும் அது மாறாது, ஒன்னு அந்த அசைவு இன்னும் பழகல, இல்லாட்டி மூட்டு அந்த இடத்துக்கே போக மாட்டேங்குது. காசு செலவு பண்றதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு இந்த ஒரு வேலையைச் செஞ்சுருங்க, ஏன்னா கீழ சொல்லப்போற எல்லாமே இதுல வர்ற பதிலைப் பொறுத்துதான் இருக்கு.

ரெண்டாவது, தரையில சேத்த பலம் தண்ணிக்குள்ள போகுமா. தண்ணி காத்தை விடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதுபோக வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்குனா தண்ணி திருப்பித் தள்ளுறது கிட்டத்தட்ட நாலு மடங்காயிரும். அதனால இன்னும் பலமா இழுக்குறதை விட, தண்ணியில கம்மியா இடிச்சுக்கிட்டுப் போற மாதிரி உடம்பை நீட்டி வைக்கிறதுக்குத்தான் பலன் சீக்கிரம் கெடைக்கும். எந்தப் பயிற்சியா இருந்தாலும் இது ரெண்டுல எதுக்கு உதவுதுன்னு கேளுங்க.

மூணாவது தோள்பட்டை. நீச்சல்காரங்களுக்கு முதல்ல வலி வர்ற இடம் அதுதான், ஏற்கனவே ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல கை சுத்துறோம், அதுக்கு மேல தரையிலயும் போட்டு அதையே தேய்க்குறோமான்னு பாக்கணும். அதுக்கப்புறம் காசு, நேரம், போக்குவரத்து, விடாம செய்ய முடியுமாங்குறது. மதுரையில ஏப்ரல், மே வெயில்ல மொட்டை மாடியில காலை 8 மணிக்கு மேல எதுவும் நடக்காது, அதையும் கணக்குல எடுத்துக்குங்க.

## பாய் விரிச்சுச் செய்யுறது: மூட்டு இளக்கமும் வயித்துப் பிடிப்பும்

பலப் பயிற்சின்னதும் யாருமே இதை நினைக்க மாட்டாங்க. ஆனா நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசிப் பேருக்கு முதல்ல வேண்டியது இதுதான்.

செவுத்துல முதுகை ஒட்டி நில்லுங்க, குதிகால் ரெண்டு விரல் முன்னாடி இருந்தாப் பரவாயில்ல. பின்மண்டை, மேல்முதுகு, பிட்டம் மூணும் செவுத்துல படணும். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, ஒரு உள்ளங்கைக்குப் பின்னாடி இன்னொன்னை வச்சு, முழங்கையை மடக்காம, கை செவுத்தைத் தொடுதான்னு பாருங்க. தொடுறப்ப இடுப்புக்குப் பின்னாடி இருக்குற சந்துல உள்ளங்கை நுழையுற அளவுக்கு இடம் இருந்தா சரி, முஷ்டியே உள்ள போகுதுன்னா உங்க தோள் போகாத இடத்துக்கு இடுப்பு வளைஞ்சு ஈடு கட்டுதுன்னு அர்த்தம். பூல் செவுத்தை உதைச்சுக் கெளம்புறப்பவும் அதே வளைவு இருக்கும், வயிறு கீழ தொங்கும், உதைச்ச வேகம் எல்லாம் ரெண்டு மூணு மீட்டர்ல கரைஞ்சு போயிரும். இந்த ஆளு ஜிம்முக்குப் போயி காலுக்குப் பலம் ஏத்தி இன்னும் பலமா உதைச்சாலும் அந்த வளைவுலயே அது வீணாப் போகும்.

அடுத்தது கணுக்கால். தரையில காலை நீட்டி உக்காந்து பாதத்தை முன்னாடி நீட்டிப் பாருங்க. பெருவிரல் தரையைப் பாத்து நல்லா இறங்கணும், வானத்தைப் பாத்து நின்னா ஃப்ரீஸ்டைல்ல (குப்புறப் படுத்துக் கையை மாத்தி மாத்திப் போடுற நீச்சல்ல) நீங்க காலடிச்சும் முன்னாடி போகாம அப்படியே நிக்கிறதுக்கு அதுதான் காரணம். வஜ்ராசனத்துல கொஞ்ச நேரம் உக்காருறது இதுக்கு நல்ல மருந்து, முட்டி வலி இருக்குறவங்க மட்டும் வேண்டாம். ஓடிப் பழகுனவங்க, ஃபுட்பால் ஆடுனவங்களுக்கு கணுக்கால் இறுகித்தான் இருக்கும், பொறுமையா செய்யணும்.

இதுல ஒன்னு கவனிங்க, நாம சின்ன வயசுல இருந்து சப்பணம் போட்டு உக்காந்து பழகுனவங்க, இடுப்பு மூட்டு வெளிப்பக்கம் நல்லா திரும்பும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளை நீச்சல்) உதைக்கு அது அப்படியே தலைகீழ், தொடை உள்பக்கம் திரும்பி பாதம் வெளியே விரியணும். அதனாலதான் தரையில லேசா மடங்குற பசங்க கூட அந்த உதையில திணறுறாங்க. அதை முட்டியை வச்சு ஈடு கட்டப் போனா முட்டியோட உள்பக்கம் வலி வரும். மல்லாக்கப் படுத்து, காலை அகட்டி மடக்கி வச்சு, ஒவ்வொரு முட்டியையா உள்பக்கம் பைய சாய்க்குறது போதும்.

வயித்துப் பிடிப்புக்கு ப்ளாங்க் (முழங்கையை ஊனி உடம்பைப் பலகை மாதிரி நேரா வச்சு நிக்கிறது) எல்லாரும் செய்யுறாங்க, ஆனா இடுப்பைத் தொங்க விட்டு ரெண்டு நிமிசம் நிக்கிறதுல ஒன்னும் இல்ல, அது தப்பான வளைவைத்தான் பழக்கும். மல்லாக்கப் படுத்து, அடிமுதுகு பாயை அமுக்குற மாதிரி வச்சுக்கிட்டு, கையையும் காலையும் கொஞ்சமா தூக்கி 20 நொடி நில்லுங்க. முதுகு பாயை விட்டு எழும்புச்சுன்னா அதோட நிறுத்திருங்க. தண்ணியில இடுப்பு தொங்காம இருக்குறதுக்கு வேண்டிய பிடிப்பு இதுதான்.

செலவு ஒரு கோரைப்பாய். இதுல மறைஞ்ச செலவு பொறுமை ஒன்னுதான், தினம் பத்து நிமிசம்னு ரெண்டு மாசமாவது போகணும், நடுவுல ஒன்னுமே நடக்காத மாதிரி இருக்கும், அங்கதான் நெறைய பேரு விட்டுர்றாங்க.

## தண்டால், பஸ்கி, புல்-அப்

நம்ம ஊருல சிலம்ப வாத்தியார் கொடுக்குற தண்டாலும் பஸ்கியும் (உக்காந்து உக்காந்து எழும்புறது) நீச்சலுக்கு நல்ல அடிப்படை. தண்டால்ல உடம்பு கீழ இறங்கி முன்னாடி வளைஞ்சு மேல வருது, தோள், நெஞ்சு, முதுகு எல்லாம் சேந்து வேலை செய்யுது. பஸ்கியில தொடைக்கும் பிட்டத்துக்கும் வர்ற பலம் செவுத்தை உதைக்கிறப்ப நேரா உதவும்.

ஆனா தண்டால் தள்ளுற பயிற்சி, நீச்சல்ல பெரும்பாலும் இழுக்குறோம். தண்டால் மட்டுமே எடுத்தா நெஞ்சு இறுகி தோள் முன்னாடி வந்துரும், மேல சொன்ன செவுத்து டெஸ்ட்ல தோத்துருவீங்க. அதனால ஒரு தண்டாலுக்கு ஒரு இழுப்பாவது சேருங்க. கம்பியில தொங்கி மேல ஏறுற புல்-அப் தான் ராஜா, ஃப்ரீஸ்டைல் வீச்சுக்கு முதுகோட ரெண்டு பக்கமும் இருக்குற பெரிய தசைதான் முக்கியம், அதை இது நேரா பிடிக்குது. ஏற முடியாதவங்க ஸ்டூல்ல ஏறி நின்னு மேல இருந்து மெதுவா இறங்குனாலே போதும், அதுலயே பலம் வந்துரும். கார்ப்பரேசன் பார்க் பலதுல கம்பி இருக்கு, காசே ஆகாது.

இன்னொன்னு, பாக்க ஒன்னுமில்லாத மாதிரி இருக்கும் ஆனா ரொம்ப உதவும்: தண்டால் எடுக்குற மாதிரி நின்னு, முழங்கையை மடக்காம, முதுகுப் பக்கம் இருக்குற தட்டையான தோள்பட்டை எலும்பை மட்டும் ஒன்னு சேத்து, அப்புறம் விரிச்சுத் தரையைத் தள்ளுறது. கையை நீட்டி முன்னாடி எட்டிப் பிடிக்கிறதுக்கு இந்த அசைவுதான் வேணும்.

12 வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைகளுக்கு இந்த வழியும் பாய் வழியும் போதும். பலப் பயிற்சி செஞ்சா வளர்த்தி நின்னுரும்னு வீட்டுல பெரியவங்க பயப்படுவாங்க, உலக சுகாதார நிறுவனமே 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் வாரத்துக்கு 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தர்ற அசைவு வேணும்னுதான் சொல்லுது. சரியா சொல்லிக் கொடுத்து, பக்கத்துல ஒருத்தர் நின்னு பாத்துக்கிட்டா பயம் வேண்டாம்.

## கர்லாக்கட்டை

கர்லாக்கட்டைன்னா கையில பிடிச்சுச் சுத்துற மரக்கட்டை. வீட்டுல தாத்தா காலத்துக் கட்டை கெடந்தா எடுத்துத் தூசி தட்டுங்க. கட்டையைத் தலைக்குப் பின்னாடி கொண்டு போயி சுத்துறப்ப தோள் மூட்டு எல்லாப் பக்கமும் திரும்புது, மேல்முதுகும் சேந்து திரும்புது, ஃப்ரீஸ்டைலுக்கும் மல்லாக்க நீச்சலுக்கும் உடம்பைச் சாய்ச்சுத் திருப்புறதுக்கு இது நல்லது. கனமான கட்டை வேண்டாம், சுத்துறப்ப இடுப்பு ஆடுச்சுன்னா கட்டை உங்களுக்கு அதிகம்னு அர்த்தம். வாத்தியார் இல்லாம வீடியோ பாத்து ஆரம்பிக்குறதை நான் சொல்ல மாட்டேன், கட்டை பின்மண்டையில அடிச்சா சின்ன அடியா இருக்காது. தோள் இறுக்கம் இருக்குற நாப்பது வயசுக்காரங்களுக்கு, நல்ல ஆளு பக்கத்துல இருந்தா, தாராளமா போகலாம்.

## ரப்பர் ட்யூப்

நீச்சல் அசைவை அப்படியே தரையில செய்ய முடியுறது இதுல மட்டும்தான், அதனாலயே எல்லாருக்கும் இது மேல ஆசை. சரியா செஞ்சா முழங்கை விழுற பிரச்சினைக்கு இதை விட நல்ல வழி தரையில கெடையாது. ஆனா சரியா செய்யுறவங்க கம்மி.

இடுப்பு உயரத்துல ட்யூபைக் கட்டிட்டு, இடுப்புல இருந்து குனிஞ்சு முகம் தரையைப் பாக்குற மாதிரி நில்லுங்க. ரெண்டு கையும் முன்னாடி நீட்டி இருக்கணும். இங்கதான் சூட்சுமம் இருக்கு, கை நீட்டி இருக்குறப்பவே ட்யூப் இறுக்கமா இருக்கணும், தொளதொளன்னு இருந்தா இன்னும் ரெண்டு எட்டு பின்னாடி போங்க. ஏன்னா ரப்பர் எம்புட்டு இழுபடுதோ அம்புட்டுதான் எதிர்ப்புக் கொடுக்கும், அதனால இழுப்போட கடைசியிலதான் கனம் அதிகமா இருக்கும். நமக்கு வேண்டியதோ இழுப்போட ஆரம்பத்துல, கை தண்ணியைப் பிடிக்குற இடத்துல பலம். பக்கத்துலயே நின்னு வெறுமனே இழுத்தா ஆரம்பத்துல ஒன்னும் இல்லாம கடைசியில மட்டும் உழைச்சு, முழங்கையைக் கீழ விட்டு இழுக்குற பழக்கம்தான் வரும், அதாவது எந்தத் தப்பைச் சரி பண்ண வாங்குனோமோ அதையே நல்லா ஊறப் போட்டுருவோம்.

இறுக்கம் வந்ததும் முழங்கையை அசைக்காம, விரல்நுனியில இருந்து முழங்கை வரைக்கும் ஒரே பலகையா தரையைப் பாத்து இறக்குங்க. அந்த இடத்துல ஒரு நொடி நில்லுங்க. அதுக்கப்புறம்தான் பின்னாடி தள்ளணும், திரும்பி வர்றப்பவும் ட்யூப் கையைப் பிடுங்க விடாம மெதுவா வாங்க. 10, 12 தடவை ஒழுங்கா வந்தாப் போதும், முழங்கை சரியுற நொடியில அந்த செட் முடிஞ்சது.

சாதாரண ட்யூப் சில நூறு ரூபாய்க்குக் கெடைக்குது, நீச்சலுக்குன்னே கைத்தட்டு வச்சு வர்றது கூட ஆகும். மறைஞ்ச செலவு எங்கன்னா, நம்ம வெயில் ரப்பரைத் தின்னுரும். மாடிக் கம்பியில கட்டி அப்படியே விட்டீங்கன்னா ஒரு கோடைக்குள்ள மேல மெல்லிசா வெடிப்பு ஓடும். வாரத்துக்கு ஒரு தடவை இழுத்துப் பிடிச்சு விரலால தடவிப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா தூக்கிப் போட்டுருங்க, அறுந்தா நேரா முகத்துலதான் அடிக்கும். ஜன்னல் கம்பியில கட்டுனா கம்பி முனை அறுக்கும், பழைய துண்டைச் சுத்திக் கட்டுங்க. வேப்பமரம், தூண் மாதிரி அசையாத எடம் நல்லது. தண்ணித் தொட்டிக் குழாய்ல மட்டும் கட்டாதீங்க.

முதல் வீச்சுலயே முழங்கை விழுறவங்களுக்கும் ட்யூப் உதவும், ஆனா அவங்களுக்கு அது பலத்துக்கு இல்ல, அசைவைப் பழக்குறதுக்கு. அதுக்கு இருக்குறதுலயே லேசான ட்யூப் போதும், செஞ்ச கையோட தண்ணியில இறங்கி நாலு தடவை மெதுவா நீந்திப் பாக்கணும், அந்த உணர்வு கையில இருக்குறப்பவே.

## ஜிம்

ஜிம்மோட பலன் எதுல நேரா தெரியும்னா குதிக்குற இடத்துலயும் திரும்புற இடத்துலயும்தான். டைவ் ப்ளாக்ல (ரேஸ் ஆரம்பிக்குற மேடை) இருந்து பாயுறது, செவுத்தை உதைக்குறது ரெண்டுமே கால் பலம், ஸ்குவாட்டும் (கனத்தோட உக்காந்து எழும்புறது) டெட்லிஃப்ட்டும் (தரையில இருந்து கனத்தைத் தூக்குறது) ஜம்ப்பும் அதை ஏத்தும். 50 மீட்டர், 100 மீட்டர்ல வினாடிக்கும் கீழ உள்ள வித்தியாசத்துல மெடல் போகுது, அங்க இது பெரிய விசயம். 800, 1500 மீட்டர் போறவங்களுக்கு அம்புட்டு பலன் கெடையாது, அவங்களுக்கு தோள்பட்டை கெடாம இருக்க லேசான வெயிட் போதும்.

மாசக் கட்டணம் ஏரியாவுக்கு ஏரியா மாறும், அது ஒரு பக்கம் இருக்கட்டும். மறைஞ்ச செலவுதான் இங்க நெறைய. போனதும் நெஞ்சு ஒரு நாள், பைசெப்ஸ் ஒரு நாள்னு ஒரு அட்டவணை கையில கொடுத்துருவாங்க. அது உடம்பு காட்டுறதுக்கான அட்டவணை, நீச்சலுக்கு இல்ல. நீங்களே வாயைத் திறந்து கேக்கணும், எனக்கு இழுப்பு அதிகம் வேணும், புல்-டவுன் (மேல இருந்து கம்பியைக் கீழ இழுக்குறது) கழுத்துக்கு முன்னாடி, ரோயிங் (துடுப்புப் போடுற மாதிரி இழுக்குறது), ஸ்குவாட், தோளை வெளிப்பக்கம் திருப்புற லேசான பயிற்சின்னு. கழுத்துக்குப் பின்னாடி இழுக்குறதை நீச்சல்காரங்க தவிர்த்துருங்க, தோள் மூட்டுக்கு ஆகாது.

இன்னொரு செலவு, கனம் தூக்குன மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் உடம்பு வலிக்கும், அந்த வலியோட பூல்ல இறங்குனா கை பாதை மாறும். தோள் களைச்சுப் போய் நீந்துறது தப்பான வீச்சைப் பழகுறதுக்குச் சமம். காலையில நீச்சல்னா வெயிட்டை சாயங்காலம் வச்சுக்குங்க, முக்கியமான நீச்சல் நாளுக்கு முந்துன சாயங்காலம் கனம் வேண்டாம். அண்ணா நகர்ல வீடு, கே.கே. நகர்ல ஜிம், ரேஸ்கோர்ஸ்ல பூல்னு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுறதுல போற நேரத்தையும் எண்ணிக்குங்க. பவுடர் டப்பாவைத் தலையில கட்டப் பாப்பாங்க, முட்டையும் பருப்பும் சுண்டலும் ஒழுங்கா சாப்புடுற பிள்ளைக்கு அது தேவையில்ல.

முதல் 10 மீட்டர் சுத்தமா இருந்து, செவுத்து டெஸ்ட் பாஸாகி, புல்-அப் அஞ்சாவது எடுக்க முடிஞ்ச ஆளுக்குத்தான் ஜிம் காசுக்கு வேலை செய்யும். அதுக்கு முன்னாடி அது அவசரம்.

## தரையே வேண்டாம், இன்னொரு மணி நேரம் தண்ணி

முதல் வீச்சுலயே தப்பு வர்றவங்களுக்கு இதுதான் சரி. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, கரையில பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும், இல்லாட்டி அதே தப்பை இன்னும் நெறைய தடவை செஞ்சுட்டு வருவோம், அம்புட்டுதான். பூல்ல இன்னொரு பேட்ச்சுக்குக் காசும் ஆகும், சம்மர்ல எடமும் கெடைக்காது. அதுக்குப் பதிலா கிணத்துல தனியா போய்ப் பயிற்சி எடுக்கலாம்னு நினைக்காதீங்க, குறிப்பா மூச்சை அடக்கி உள்நீச்சல் போறதை ஆள் இல்லாம எப்பவுமே செய்யக் கூடாது.

| வழி | கைக்காசு | மறைஞ்ச செலவு | எந்தத் தப்புக்கு |
|---|---|---|---|
| பாய் | பாய் விலை | பொறுமை | இடுப்புத் தொங்கல், கால் உதை, நீட்டம் |
| தண்டால், புல்-அப் | இல்ல | தள்ளுறது மட்டும் செஞ்சா நெஞ்சு இறுக்கம் | பொதுவான பலக்குறை |
| கர்லா | கட்டை விலை | வாத்தியார் தேடணும் | தோள், முதுகு இறுக்கம் |
| ட்யூப் | சில நூறு | வெயில்ல வெடிப்பு, தப்பான பழக்கம் | முழங்கை விழுறது |
| ஜிம் | மாசா மாசம் | உடம்பு வலி, நேரம், பொருந்தாத அட்டவணை | குதிப்பு, திருப்பம், ஸ்ப்ரிண்ட் |
| கூடுதல் தண்ணி | பேட்ச் கட்டணம் | பாக்க ஆள் இல்லாட்டி வீண் | முதல் வீச்சுலயே வர்ற தப்பு |

## யாருக்கு எது

கிணத்து நீச்சல் அண்ணன்மாருக்குப் பலம் தேவையே இல்ல. கிணத்துல எதுர வர்ற ஆளையும் திட்டையும் பாக்கத் தலையைத் தூக்கியே பழகிட்டாங்க, தலை மேல வந்தா இடுப்பும் காலும் தானா கீழ போகும், அப்புறம் முழு உடம்பையும் சாய்வா இழுத்துக்கிட்டுப் போறதுக்கே கை பலம் பூரா செலவாகுது. பாய்ப் பயிற்சியும், தலையைத் தண்ணிக்குள்ள வச்சு மூச்சு விட்டுப் பழகுறதும்தான் இவங்களுக்கு. ட்யூப், ஜிம் ரெண்டுக்கும் இப்பக் காசு போடாதீங்கண்ணே.

சம்மர் கேம்ப் முடிச்ச பிள்ளைகளுக்குப் பாயும், வாரத்துக்கு மூணு நாள் தண்டாலும் கம்பியில தொங்குறதும். பூல் இல்லாத மாசங்கள்ல இதை விடாம வச்சிருந்தா அடுத்த ஏப்ரல்ல பழைய எடத்துல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல.

காலேஜ் பசங்க, மீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு மேல இருந்தா ஜிம்மும் ட்யூபும் சேத்துப் போகலாம், வாரத்துக்கு ரெண்டு நாள் கனம் போதும். மீட்டுக்கு ரெண்டு வாரம்தான் இருக்குன்னா புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க, அதுக்குள்ள பலம் ஏறாது, வலி மட்டும் ஏறும். கடைசி வாரம் கனத்தை நிறுத்திட்டு ட்யூபை லேசா மட்டும் வச்சுக்குங்க.

கையைத் தலைக்கு மேல தூக்குறப்ப தோளோட முன்பக்கம் சுருக்குனு குத்துதுன்னா, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியலைன்னா, மேல சொன்ன எதையும் செய்யாதீங்க. ட்யூபும் வேண்டாம், தண்டாலும் வேண்டாம், பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர்கிட்ட போயி தோளைக் காட்டுங்க, வீடியோவையும் கூட எடுத்துட்டுப் போங்க. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் பலகையைப் பிடிச்சுக் கால் உதை மட்டும் போடலாம், அதுவும் கையை முன்னாடி நீட்டிப் பிடிக்கிறது வலிச்சா பலகையை விட்டுட்டு மல்லாக்கப் படுத்து, கையை உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு உதைங்க.